டாயாக் மக்களின் அறுவடைத் திருநாள்

சொந்த ஊரை விட்டுத் தொலைவில் வாழ்வோருக்குத் திருநாள் நெருங்கும்போது மனத்தில் முதலில் எழும் வினா, "அன்று விடுமுறை உண்டா?" என்பதேயாகும். தை முதல் நாளன்று தமிழகத்து வீடுகளில் பானை பொங்கும் வேளையில், மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மில் பலர் ரயிலுக்கோ பேருந்துக்கோ விரைந்துகொண்டிருப்போம். விடுமுறை என்பது சிறு செய்தியாகத் தோன்றலாம். எனினும், ஒரு மக்கட் கூட்டத்தின் திருநாளுக்கு நாட்டின் நாட்காட்டியில் இடம் உண்டா என்னும் வினா, அம்மக்களுக்கே அந்நாட்டில் இடம் உண்டா என்னும் வினாவோடு பின்னிக் கிடப்பதாகும்.

இவ்வினாவை வெளிப்படையாக எழுப்பி, ஏழாண்டுக் காலம் காத்திருந்து விடை பெற்ற மக்கள் சிலர் போர்னியோத் தீவில் வாழ்கின்றனர். டாயாக் என்பது அவர்களுடைய பொதுப் பெயர். அவர்களுடைய அறுவடைத் திருநாள் 'காவாய் டாயாக்' எனப்படும். ஆண்டுதோறும் மே 31ஆம் நாள் மாலையில் தொடங்கி ஜூன் முதல் நாளிலும் அதற்கு மறுநாளிலும் அது கொண்டாடப்படுகிறது. நெல் வேளாண்மை அம்மக்களிடையே மிகப் பழைமையானது. ஆனால் அவர்கள் அனைவருக்கும் பொதுவான இந்த ஒரு நாளோ அண்மைக் காலத்தில் பிறந்தது. அந்நாள் பிறந்த கதையில் வானொலிக்கும் ஒரு பங்கு உண்டு. அதனைக் கூறுமுன், அம்மக்களையும் அவர்களுடைய நெல்லையும் முதலில் அறிந்துகொள்வோம்.

போர்னியோ உலகின் மூன்றாவது பெரிய தீவு. அதன் பெரும்பகுதி இந்தோனேசியாவைச் சேர்ந்தது. வடமேற்குக் கரையில் மலேசியாவின் மாநிலங்களான சரவாக், சபா ஆகியவையும், புரூணை என்னும் சிறிய நாடும் உள்ளன. டாயாக் மக்கள் இந்தோனேசியப் பகுதியிலும் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். ஆனால் நாம் இங்கே பேசப்போகும் திருநாள் சரவாக்கிற்கு உரியது. சரவாக்கின் பரப்பு ஏறத்தாழ 1,24,000 சதுரக் கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டைவிடச் சற்றே சிறியது. ஆனால் மக்கள்தொகையோ சுமார் 25 இலட்சந்தான். அடர்ந்த காடுகளும், மழையால் பெருகும் ஆறுகளும் நிறைந்த நாடு அது. மலேசியாவின் மிக நீண்ட ஆறாகிய ராஜாங் அங்கேதான் ஓடுகிறது. சாலைகள் தோன்றுமுன் ஆறுகளே அந்நாட்டின் சாலைகளாக இருந்தன.

டாயாக் என்பது ஒரே இனத்தின் பெயரன்று. சரவாக்கில் அப்பெயரால் வழங்கும் மக்களுள் தொகையில் மிகுந்தவர் இபான் மக்கள். கூச்சிங் நகரை அடுத்த மலைப்பகுதிகளில் வாழ்வோர் பிடாயு மக்கள். ஆறுகளின் தலைப்பகுதியில் வாழும் காயான், கெஞ்யா, கெலாபிட் முதலிய பல சிறு இனங்கள் 'ஒராங் உலு', அதாவது 'மேலாற்று மக்கள்' என்று கூட்டாக அழைக்கப்படுகின்றன. இவர்களுடைய மொழிகள் வேறு. வழிபாட்டு முறைகள் வேறு. உடையும் இசையும் வேறு. இவர்களை ஒன்றாகப் பிணைப்பவை ஆறு, காடு, நெல் ஆகிய மூன்றுமே எனலாம். இம்மூன்று பிரிவினருள்ளும் இபான் மக்களின் வழக்கங்களே காவாய் நாளில் மிகுதியாகக் காணப்படுவதால், அவற்றையே நாம் இங்கு விரிவாகக் காண்போம்.

இபான் மக்களின் ஊர் என்பது ஒரே வீடு. 'ரூமா பஞ்சாய்' என்று அவர்கள் கூறும் அதனை நாம் நெடுமனை எனலாம். ஆற்றங்கரையில் தூண்களின்மீது உயர்த்திக் கட்டப்பட்ட நீண்ட கட்டடம் அது. அதனை நீளவாட்டில் இரண்டாகப் பிரித்தால், ஒரு பாதி முழுவதும் குடும்பங்கள் வாழும் தனித்தனி அறைகள். அவற்றிற்கு 'பிலிக்' என்று பெயர். மறுபாதி, ஒரு கோடி முதல் மறுகோடி வரை தடுப்பின்றி ஓடும் பொதுக்கூடம். அதன் பெயர் 'ருவாய்'. கூடத்திற்கு அப்பால், நெல் உலர்த்துவதற்கு உரிய திறந்த தளம். மேலே பரணில் நெற்குதிர்கள். ஒவ்வொரு குடும்பத்தின் அறையிலிருந்தும் ஒரு கதவு பொதுக்கூடத்தை நோக்கித் திறக்கும். ஆகவே ஒரு நெடுமனையின் அளவை அம்மக்கள் அடிக்கணக்கில் சொல்வதில்லை. கதவுக் கணக்கில் சொல்வார்கள். பதினைந்து கதவு வீடு, முப்பது கதவு வீடு என்பது அவர்களுடைய வழக்கு. கதவுக்கு உள்ளே இருப்பது குடும்பத்தின் உடைமை. கதவுக்கு வெளியே இருப்பது ஊரின் பொது. நம் பழைய தெருக்களின் திண்ணைகளையெல்லாம் ஒன்றாக இணைத்து ஒரே கூரையின்கீழ் வைத்தாற்போன்ற அமைப்பு என்று இதனைக் கருதிப் பார்க்கலாம்.

இனி, அவர்களுடைய நெல். மலைச்சரிவில் மழையை மட்டுமே நம்பி விளையும் நெல் அது. மலைநெல்லை 'ஐவனம்' என்றும், காட்டைத் திருத்திச் செய்த மலைக்கொல்லையைப் 'புனம்' என்றும் பழந்தமிழ் கூறும். நம் வடகிழக்கு மலைகளில் இன்றும் 'ஜூம்' என்னும் பெயரால் வழங்கும் வேளாண்மையும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஆண்டின் நடுப்பகுதியில் காட்டின் ஒரு துண்டை வெட்டிச் சாய்ப்பர். அது உலர்ந்ததும் ஆகஸ்டு மாத அளவில் தீயிடுவர். சாம்பலே உரம். பின்னர் ஆடவர் வரிசையாக முன்னே சென்று கூரிய கழிகளால் குழியிட, பெண்டிர் பின்னே சென்று அக்குழிகளில் விதை இடுவர். களை எடுத்தலும் காவல் காத்தலுமாக மாதங்கள் கழியும். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அறுவடை வரும். ஓரிரு போகத்திற்குப் பின் அந்நிலத்தைக் காட்டிற்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வேறிடம் செல்வர். பல ஆண்டுகள் கழிந்து, காடு மீண்டும் வளர்ந்த பின்னரே அங்குத் திரும்புவர்.

இம்முறையை அறியாமை என்றும் காட்டழிப்பு என்றும் அயலார் பலர் இகழ்ந்ததுண்டு. டெரெக் ஃப்ரீமன் என்னும் மானிடவியல் அறிஞர் 1949 முதல் 1951 வரை பாலே ஆற்றங்கரை இபான் மக்களிடையே தங்கி, அவர்களுடைய உழவை ஆராய்ந்து, 1955ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அவருடைய ஆய்வால் உலகம் அறிந்த செய்திகளுள் ஒன்று, உழவும் வழிபாடும் அவர்களிடையே இரண்டல்ல என்பது. ஒவ்வொரு குடும்பத்திற்கும் 'பாடி புன்' என்னும் தனி நெல்வகை ஒன்று உண்டு. அதுவே அக்குடும்பத்தின் மூலநெல். தலைமுறை தலைமுறையாக அதன் விதையைக் காத்து, ஆண்டுதோறும் கொல்லையின் நடுவே முதலில் விதைப்பர். அவ்விதை அழிந்தால் குடும்பமே அழிந்தது போலாம் என்பது அவர்கள் எண்ணம்.

நெல்லுக்கு உயிர் உண்டு என்று அவர்கள் நம்பினர். ஆகவே கதிரை அறுக்கும்போது அவ்வுயிர் அஞ்சி ஓடிவிடாதபடி, உள்ளங்கையில் மறையும் சிறு கத்தியால் ஒவ்வொரு கதிராகக் கொய்வர். இந்நம்பிக்கையின் வேர் இன்னும் ஆழமானது. இறந்த முன்னோரின் ஆவி நெடுங்காலம் மறுவுலகில் வாழ்ந்து, இறுதியில் பனித்துளியாகி நிலத்திற்குத் திரும்புகிறது. அப்பனியை நெற்பயிர் பருகுகிறது. அந்நெல்லை மக்கள் உண்கின்றனர். இவ்வாறு, உண்ணும் ஒவ்வொரு கவளத்திலும் முன்னோர் கலந்திருக்கின்றனர் என்பது பழைய இபான் சமயத்தின் கொள்கை. அறுவடைத் திருநாளன்று அவர்கள் யாருக்கு நன்றி கூறுகின்றனர் என்பதை இதனால் நாம் உணரலாம்.

அவர்களுடைய தெய்வங்களுள் 'சிம்புலாங் கானா' நிலத்திற்கும் நெல்லுக்கும் தலைவர். 'சிங்கலாங் புரோங்' போருக்கும் நிமித்தங்களுக்கும் தலைவர். இவர் செம்பருந்தின் வடிவில் தோன்றுவார் என்பர். நாம் கருடன் என்று கைகூப்பும் அதே பறவைதான் அது. அவருடைய மருமக்கள் எழுவரும் காட்டுப் பறவைகள். அவற்றின் குரலும் பறக்கும் திசையும் கண்டே காட்டை வெட்டுவதும் விதைப்பதும் முடிவு செய்யப்பட்டன. தெய்வங்களை அவர்கள் பொதுவாக 'பெத்தாரா' என்பர். வடமொழியின் 'பட்டாரர்' என்னும் சொல்லே கடல் கடந்து சென்று இவ்வாறு வழங்குகிறது என்பது அறிஞர் கருத்து. நம் பழங்கல்வெட்டுகளில் இறைவனைக் குறிக்கும் 'படாரர்' என்பதும் அச்சொல்லின் உறவே.

'காவாய்' என்னும் சொல்லுக்கு வழிபாட்டோடு கூடிய பெருவிருந்து என்று பொருள். முற்காலத்தில் காவாய்கள் பல. காட்டை வெட்டத் தொடங்குமுன் தீட்டுக்கற்களுக்குச் செய்யும் காவாய் ஒன்று. ஆயுத பூசையை அறிந்த நமக்கு அது விளங்கும். விதைக்கு ஒரு காவாய். இறந்தோர்க்கு ஒரு காவாய். இருவாட்சிப் பறவையின் மரச்சிற்பத்தை உயரக் கம்பத்தில் நிறுத்திச் செய்யும் காவாய் ஒன்று. அறுவடைக் காவாய் அவற்றுள் ஒன்றாக இருந்தது. அதற்குக் குறித்த நாள் கிடையாது. ஒரு பள்ளத்தாக்கில் நெல் முன்னே விளையும். மற்றொன்றில் பின்னே விளையும். குதிர் நிறைந்ததும், அந்தந்த நெடுமனையின் தலைவரும் முதியோரும் கூடி நாள் குறிப்பர். நாட்காட்டியைப் பார்த்துத் திருநாள் வந்ததில்லை. நெல்லைப் பார்த்தே வந்தது.

இனி, இக்காலத்தில் மே 31ஆம் நாள் மாலையில் ஒரு நெடுமனையில் நிகழ்வன எவை என்று காண்போம்.

ஏற்பாடுகள் ஒரு மாதத்திற்கு முன்பே தொடங்கிவிடும். புது அரிசியைச் சோறாக்கி, நொதிமாவைக் கலந்து, சாடிகளில் ஊறவைத்து, 'துவாக்' என்னும் அரிசி மதுவைப் பெண்டிர் ஆக்குவர். திருநாளுக்கு முன்தினம் ஒட்டரிசி மாவில் சர்க்கரை சேர்த்துப் பணியாரங்கள் செய்வர். பச்சை மூங்கிற் குழாய்களில் அரிசியையோ, மரவள்ளி இலையும் மசாலையும் சேர்த்த கோழி இறைச்சியையோ அடைத்து, நெருப்பருகே சாய்த்து வேகவைப்பர். பாத்திரம் ஏதும் வேண்டா. மூங்கிலே பாத்திரம், அதன் மணமே சுவை. பொதுக்கூடத்தில் புதுப்பாய்கள் விரிக்கப்படும். சுவர்களில் 'பூவா கும்பு' என்னும் செந்நிறத் துணிகள் தொங்கும். நூலை முடிச்சிட்டுச் சாயம் தோய்த்து, பின்னர் நெய்யப்படும் இத்துணி இபான் மகளிரின் பெருங்கலை. தெலங்கானாவின் போச்சம்பள்ளியிலும் ஒடிசாவின் சம்பல்பூரிலும் நெசவாளர் கையாளும் முறையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அங்கு வாழும் நேயர்கள் இதனை எளிதில் மனத்திற் காணலாம்.

மாலையில் முதலாவதாக நிகழ்வது ஒரு விலக்கு. பேராசையும் கேடும் விளைக்கும் 'அந்து ருவா' என்னும் தீய ஆவியை வீட்டினின்றும் வெளியேற்றும் சடங்கு அது. இருவர் ஒரு முறத்தை இழுத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகச் செல்வர். ஒவ்வொரு குடும்பமும் வேண்டாத பழம்பொருள் ஒன்றை அதில் எறியும். கடைசிக் கதவையும் கடந்ததும், முறத்திலுள்ளவை அனைத்தும் வீட்டின் கோடியிலிருந்து கீழே வீசப்படும். பொங்கலுக்கு முதல்நாள் போகியன்று பழையன கழிக்கும் நம் வழக்கத்தை இது நினைவூட்டுகிறது. இவ்விரண்டிற்கும் வரலாற்று உறவு உண்டென்று கூறுவதற்கில்லை. நெல்லை நம்பி வாழ்ந்தோர் புத்தரிசியைப் பழங்கேட்டோடு கலக்க விரும்பவில்லை, அவ்வளவே.

அடுத்து, 'மிரிங்' என்னும் படையல். சோறு, பணியாரம், முட்டை, பொரி, வெற்றிலை பாக்கு, துவாக் ஆகியவை தட்டுகளில் குறித்த முறைப்படி அடுக்கப்படும். நெடுமனைத் தலைவர் சென்ற அறுவடைக்கு நன்றி கூறி, வரும் ஆண்டிற்கு வழிகாட்டவும் நல்வாழ்வு நல்கவும் வேண்டியபடி, ஒரு சேவலைப் படையல்மீது சுற்றுவார். பின்னர் அது பலியிடப்படும். படையல் முடிந்ததும் பொதுக்கூடத்தில் அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்பர். அவ்விருந்துக்கு ஒவ்வொரு கதவும் தன் பங்கைக் கொணரும்.

நள்ளிரவு நெருங்கும்போது, தெய்வங்களை வரவேற்கும் ஊர்வலம் தொடங்கும். வெள்ளி அணிகளும் இருவாட்சி இறகுகளும் புனைந்த ஆடவரும் மகளிரும் பொதுக்கூடத்தின் ஒரு கோடிக்கும் மறுகோடிக்குமாக ஏழு முறை நடப்பர். நள்ளிரவில் பெருமணி ஒலிக்கும். ஆரவாரம் அடங்கும். தலைவர் முன்னிற்க, யாவரும் ஒரே நேரத்தில் 'ஆயுள் நீர்' என்னும் பெயரால் துவாக்கை அருந்தி, "காயு குரு, கெராய் ஞாமாய்" என்று ஒருவரையொருவர் வாழ்த்துவர். நீடு வாழ்க, நலமும் வளமும் பெறுக என்பது அதன் பொருள். அதன்பின் பகைமை பாராட்டுவதில்லை. இசையும், 'ஙாஜாட்' என்னும் நடனமும், பாட்டும் விடியும்வரை தொடரும். மறுநாள் முதல் ஒரு நெடுமனையார் மற்றொரு நெடுமனைக்கு விருந்தாகச் செல்வர். சில வாரங்கள் கழித்து, கூடத்தில் விரித்த பாய்களைச் சுருட்டும் சிறு சடங்கோடு திருநாட்காலம் நிறைவுறும்.

நெல் விளைந்தபோதெல்லாம் வெவ்வேறு நாளில் வந்த விழா, எவ்வாறு ஒரு நாளில் நிலைபெற்றது? அதற்கு நாம் சரவாக்கின் அண்மைக்கால வரலாற்றைச் சற்றே காணவேண்டும்.

1841ஆம் ஆண்டு முதல் நூறாண்டுகள் சரவாக்கை ஆண்டவர்கள் புரூக் என்னும் ஆங்கிலக் குடும்பத்தினர். அவர்கள் தம்மை 'ராஜா' என்றே அழைத்துக்கொண்டனர். அவர்கள் காலத்தில் கூச்சிங்கை அடுத்த மாத்தாங் மலையில் தேயிலை, காப்பித் தோட்டங்கள் அமைக்கப்பட்டபோது தமிழ்த் தொழிலாளர் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இன்றும் அம்மலையில் உள்ளது. ஜப்பானியர் ஆக்கிரமிப்புக்குப் பின், 1946ஆம் ஆண்டில் சரவாக் நேரடியாக ஆங்கில முடியாட்சியின் குடியேற்ற நாடாயிற்று. மலாய்க்காரர்க்கு நோன்புப் பெருநாள் விடுமுறை இருந்தது. சீனர்க்குப் புத்தாண்டு விடுமுறை இருந்தது. கிறித்தவர்க்குக் கிறிஸ்துமஸ் இருந்தது. அந்நாட்டின் மண்ணுக்கே உரிய டாயாக் மக்களுக்கு ஒரு நாளும் இல்லை. கேட்பதற்கும் வழியில்லை, ஏனெனில் அவர்களுக்குப் பொதுவான நாள் என்று ஒன்று இருந்ததே இல்லை. எந்த நாளை விடுமுறையாகக் கேட்பது?

1954ஆம் ஆண்டில் சரவாக் வானொலி தொடங்கப்பட்டது. சாலையும் தொலைபேசியும் எட்டாத நெடுமனைகளை அதன் ஒலி எட்டியது. வெவ்வேறு ஆறுகளின் கரையில், ஒருவரையொருவர் கண்டறியாத மக்கள் ஒரே நேரத்தில் ஒரே செய்தியைக் கேட்டனர். 1957ஆம் ஆண்டில், நிகழ்ச்சி அமைப்பாளரான இயான் கிங்ஸ்லி நடத்திய கலந்துரையாடல் ஒன்றில், டாயாக் மக்கள் அனைவருக்கும் பொதுவான ஒரு திருநாள் வேண்டும் என்னும் கருத்து எழுந்தது. அக்கருத்து மக்களிடையே பேரார்வத்தைத் தூண்டியது.

குடியேற்ற அரசாங்கம் உடனே இணங்கவில்லை. ஓர் இனத்தின் பெயரால் நாள் கூடாது. வேண்டுமாயின் எல்லோர்க்கும் பொதுவாகச் 'சரவாக் நாள்' என்று வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் நிலை. கேட்பதற்கு நியாயம்போல் தோன்றும் இவ்விடை, மற்றையோர் திருநாட்கள் அவரவர் பெயராலேயே வழங்கியதை மறந்துவிட்டது. 1963ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளன்று கூச்சிங்கில் ஒரு தலைவரின் இல்லத்தில் காவாய் டாயாக் கொண்டாடப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 16ஆம் நாள் சரவாக் மலேசியாவில் இணைந்தது. மாநிலத்தின் முதல் முதலமைச்சராக அமர்ந்தவர் ஸ்டீபன் காலோங் நிங்கான் என்னும் இபான். மறு ஆண்டு, 1964 செப்டம்பர் 25ஆம் நாள், காவாய் டாயாக் பொது விடுமுறையாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. 1965 ஜூன் முதல் நாள் அது அரசு விடுமுறையாக முதன்முறை கொண்டாடப்பட்டது. அறுவடை பெரும்பாலும் முடிந்து, அடுத்த ஆண்டின் காட்டுவேலை தொடங்குவதற்கு முன் வரும் ஓய்வுக் காலம் அது. எந்தப் பள்ளத்தாக்கின் நெல்லுக்கும் அந்நாள் மிகவும் முந்தியதுமன்று, மிகவும் பிந்தியதுமன்று.

இதனால் வந்த நன்மை யாது? இழப்பு ஏதேனும் உண்டா? இரண்டையும் நாம் நேர்மையாக எண்ணிப் பார்க்கவேண்டும்.

இழப்பு வெளிப்படை. திருநாள் இப்போது நெல்லுக்காகக் காத்திருப்பதில்லை. டாயாக் மக்களுள் மிகப் பலர் இன்று கிறித்தவர். படையலுக்கு ஈடாகத் தேவாலயத்தில் நன்றி வழிபாடு செய்வோர் பலர். மலைநெல் விளைந்த சரிவுகள் பலவற்றில் இன்று எண்ணெய்ப்பனை நிற்கிறது. 1985ஆம் ஆண்டில் பாத்தாங் ஆய் அணை எழுந்தபோது இபான் நெடுமனைகள் பல நீருக்கு இடம்விட்டு வேறிடம் பெயர்ந்தன. இளைஞர்கள் கூச்சிங், சிபு, மிரி நகரங்களிலும், கடல் கடந்து ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் பணிபுரிகின்றனர். தாம் விதைக்காத அரிசியைக் கடையில் வாங்கிக் காவாய் விருந்து ஆக்கும் குடும்பங்கள் இன்று மிகுதி. அறுவடை இல்லாத அறுவடைத் திருநாள் அன்றோ இது என்று ஒருவர் கேட்கலாம்.

ஆனால் நாம் மற்றொன்றையும் நினைக்கவேண்டும். நெல்லைப் பார்த்து நாள் குறித்த காலத்தில், நெடுமனையில் இருந்தவர்க்கே திருநாள் உரியதாயிருந்தது. தொலைவில் பணி செய்வோன், முதியோர் எந்த நாளைக் குறிப்பர் என்று எவ்வாறு அறிவான்? எப்போது விடுப்புக் கேட்பான்? இபான் இளைஞர்கள் பொருளும் புகழும் தேடி அயலிடம் சென்று திரும்புவது பழைய வழக்கமே. சாடியும் பெருமணியும் கொணர்ந்து கதவடியில் இறக்குவது அவர்களுக்குப் பெருமை. எனினும் அவர்கள் எப்போது திரும்புவர் என்பது அவர்களுக்கே தெரியாதிருந்தது. ஜூன் முதல் நாள் என்று ஒன்று நிலைபெற்றபின், சென்றவர் திரும்புவதற்கு ஒரு நாள் உண்டாயிற்று. மே மாத இறுதியில் பேருந்துகளும் படகுகளும் விமானங்களும் நிறைந்து வழிகின்றன. ஆண்டு முழுவதும் முதியோரும் சிறுவருமாக அமைதியுற்றிருக்கும் நெடுமனைகளில், மூடிக்கிடந்த கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. ஊரிலேயே இருந்தவர்க்கு நெல் நாளைக் குறித்தது; ஊரைவிட்டுச் சென்றவர்க்கு நாட்காட்டி குறிக்கிறது.

மேலும் ஒன்று. இபானும் பிடாயுவும் காயானும் தத்தம் நாளில் தனித்தனியே கொண்டாடியபோது, பிறர் கண்ணில் அவை காட்டு மக்களின் சில வழக்கங்களாகவே தோன்றின. ஒரே நாளில் கொண்டாடியபோது, அது ஒரு மக்களின் திருநாளாயிற்று. பொதுநாள் வந்ததால் தனிவிழாக்கள் யாவும் மறையவுமில்லை. இறந்தோர்க்குச் செய்யும் பெருங்காவாய் போன்றவற்றிற்கு இன்றும் அந்தந்த நெடுமனையாரே கூடி நாள் குறிக்கின்றனர்.

2020, 2021 ஆகிய ஆண்டுகளில் பெருந்தொற்றின் காரணமாகப் போக்குவரத்துத் தடுக்கப்பட்டபோது இந்நாளின் பொருள் நன்கு விளங்கியது. ஜூன் முதல் நாள் வந்தது, விடுமுறையும் இருந்தது, ஆனால் நகரத்துப் பிள்ளைகள் நெடுமனைக்குச் செல்ல இயலவில்லை. நாள் மட்டும் இருந்து, சென்று சேரும் கதவு இல்லாவிடில் திருநாள் நிறைவதில்லை என்பதை அன்று அம்மக்கள் உணர்ந்தனர்.

இது டாயாக் மக்களுக்கு மட்டும் உரிய கதையன்று. மேற்கு ஒடிசாவின் 'நுவாகாய்' என்னும் புதுநெல் விழா முன்னர் ஊருக்கு ஒரு நாளாக நடந்தது. 1991ஆம் ஆண்டில்தான், பத்ரபத மாதத்து வளர்பிறைப் பஞ்சமி என்று அனைவர்க்கும் பொதுநாள் குறிக்கப்பட்டு விடுமுறையும் அறிவிக்கப்பட்டது. மேகாலயத்துக் காரோ மக்களின் 'வாங்காலா' அறுவடை விழாவிலும், தனித்தனி ஊர்களில் ஒலித்த முரசுகள் 1976ஆம் ஆண்டு முதல் நூறு முரசு விழாவாக ஓரிடத்தில் கூடி ஒலிக்கின்றன. ரூர்கேலாவிலோ ஷில்லாங்கிலோ வாழும் நேயர்கள், அண்டை வீட்டார் அந்நாளில் ஏன் ஊருக்கு விரைகின்றனர் என்பதை இப்போது நன்கு அறிவர். மலேசியாவிலேயே கூட, பிற மாநிலங்களில் விடுமுறையாக உள்ள தீபாவளிக்குச் சரவாக்கின் விடுமுறைப் பட்டியலில் நெடுங்காலமாக இடமில்லை; சரவாக்கில் விடுமுறையாக உள்ள காவாய்க்கு, கடலுக்கு அப்பாலுள்ள தீபகற்ப மலேசியாவில் இடமில்லை. ஜொகூரில் பணிபுரியும் இபானும் கூச்சிங்கில் பணிபுரியும் தமிழனும் ஆளுக்கொரு நாள் விடுப்பு விண்ணப்பம் எழுதவேண்டியவரே.

அந்த விண்ணப்பத்தை எழுதியறிந்தவர்கள் நாமும்தான். அடுக்குமாடி வீட்டின் சமையலறையில், எரிவாயு அடுப்பின்மீது, கடையில் வாங்கிய பச்சரிசியைப் பொங்க வைக்கும்போது, இது மெய்யான பொங்கல்தானா என்னும் ஐயம் நம்மில் சிலருக்கு எழுவதுண்டு. நம் கொல்லையில் விளையாத அரிசிதான். நம் களத்தில் அடிக்காத நெல்தான். ஆயினும் அதே நாளில், அதே நேரத்தில், ஊரில் ஒரு கதவு நமக்காகத் திறந்திருக்கிறது என்னும் நினைவு அப்பானையில் உள்ளவரை அது பொங்கலே. நெல்லை விட்டு வந்தவர்களும் அந்த நாளை விடாதிருக்கலாம் என்பதைப் போர்னியோவின் மக்கள் நமக்குச் சொல்கின்றனர்.

அவர்களுடைய வாழ்த்தையே நேயர்களுக்கும் கூறி நிறைவு செய்கிறோம்: காயு குரு, கெராய் ஞாமாய். நீடு வாழ்க, நலமும் வளமும் பெறுக.